லீவு நாளில் ஓடிய மிஷின்

கண்ணு,

வாசலில் இடித்த செங்கல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன கொத்தனார் இன்னும் வரவில்லை. வெயில் ஏறினால் அந்தப் பழைய காரைத் தூசியின் வாசம் படியேறி மேலே வந்துவிடுகிறது. அகமதாபாத்திலிருந்து உன் வீட்டுக்காரர் கொண்டு வந்த சேலை மூட்டையைப் பிரித்தபோது வந்த அதே வாசம். எத்தனை தடவை அலசியும் போகவில்லை. அப்புறம் அலசுவதை விட்டுவிட்டேன்.

நாம் பிறந்து வளர்ந்த வீட்டை ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி. தரை எப்போதும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று பேசும். கரண்டு போய் மிஷின் நின்றால்தான் அம்மா திடுக்கென்று எழுந்து உட்காருவாள். நீ சிரிப்பாய். "தரை ஆடுனாத்தான் அக்கா நமக்குச் சோறு" என்பாய். செக்கிங்கில் பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை பார்த்த காலத்திலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாய். திருப்பூரில் பிறந்தவளுக்கு அதிர்வு என்றால் பயமில்லை, வேலை.

உன்னைக் கட்டியவர் சொந்தமாகத் தொழில் செய்கிறேன் என்று உன்னை அகமதாபாத் கூட்டிப் போனார். நாலு மாடிக் கட்டிடம். கீழே மிஷின், மேலே உன் குடித்தனம். பெரிய மிஷின் உள்ளே போகவில்லை என்று கீழே இருந்த நடுச்சுவரை எடுத்துவிட்டார். பொங்கலுக்கு வந்தபோது நான் கேட்டேன், "அத்தனை மாடிக்கும் கீழ இருந்த செவுருங்களே, எடுக்கலாமுங்களா?" என்று. சிரித்தார். "வெறுஞ் செவுருதானுங்க" என்றார். அந்தச் சிரிப்பு என் கண்ணில் இன்னும் நிற்கிறது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

குடியரசு தினம் அன்று காலையில் மூலைக்கடை பூத்திலிருந்து உனக்குப் போன் போட்டேன்.

"காப்பி குடிச்சயா கண்ணு?"

"இப்பத்தான் பாலு வெச்சிருக்கேன்... இரு அக்கா. அவரு கீழ மிஷினப் போட்டுட்டாரு போல. ஊடே அதிருது."

"லீவு நாள்ல என்னடி மிஷினு? கொடியேத்துற நாளு!"

"அவருக்கு ஏதுக்கா லீவு? சத்தமாப் பேசு, ஒண்ணுங் கேக்கல."

நான் சத்தமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நடுவிலேயே உன் பக்கம் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. பூத்துக்காரர் எட்டிப் பார்த்து, "லைன் கட்டாயிருச்சுங்க" என்றார். நானும் வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊறப் போட்டேன்.

அன்றைக்கு உங்கள் வீட்டில் மிஷின் ஓடவில்லை. உன் வீட்டுக்காரர் தெருமுனையில் கொடியேற்றுவதைப் பார்க்கப் போயிருந்தார். ஆடியது பூமி. வேறு ஊர்ப் பெண்ணாயிருந்தால் தரை அதிர்ந்ததும் அலறிக்கொண்டு படியிறங்கியிருப்பாள். நீ என்னைச் சத்தமாகப் பேசச் சொன்னாய்.

பக்கத்துக் கட்டிடம் விரிசலோடு நின்றது. உங்களுடையது கீழ்மாடி அமுங்கி உட்கார்ந்துவிட்டது. மிஷின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய பீகார்ப் பையன்களும் போனார்கள். அவர்களுடைய ஆத்தாள்மார்களுக்கு யார் போன் போட்டார்களோ. கட்ச் பக்கம் ஊர் ஊராகத் தரையோடு போய்விட்டது என்று டிவியில் காட்டினார்கள். நம்மூரிலிருந்து கம்பளியும் பனியனும் லாரி லாரியாகப் போயின. உயிர் தப்பியவர்களுக்குத் தொழில் இல்லை, தொழில் செய்ய இடம் இல்லை. உன் வீட்டுக்காரருக்கும் எல்லாம் மண்ணுக்குள். அந்தச் சேலை மூட்டையோடு என் வாசலில் வந்து நின்றார். நான் "வாங்க" என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாவிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். மூட்டையைத் திண்ணை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பூமி அதோடு நிற்கவில்லை கண்ணு. நேபாளத்தில் ஆடியபோது எங்கள் தெரு வாட்ச்மேன் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பகலெல்லாம் ஊருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். லைன் கிடைக்கவேயில்லை. பையோடு கிளம்பிப் போனவர் திரும்பி வரவில்லை. பின்னே துருக்கியில் ஆடியது. கட்டிங் டேபிளில் துணியை விரித்து விரித்து அடுக்குவோமே, அந்த மாதிரி மாடி மேல் மாடி படுத்துக் கிடந்தது. நடுவில் ஒரு கட்டிலின் கால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் டிவியை அணைத்தேன்.

செந்தில் மறுபடி போட்டான். நீ தூக்கி வளர்த்த செந்தில்தான், என் மகன். "அங்க மில்லெல்லாம் படுத்துருச்சுங்மா. இனி ஆர்டரு நம்ம பக்கந்தான் வரும்" என்றான்.

"எளவு ஊட்டு வாசல்ல நின்னுட்டு எலை போடச் சொல்றயாடா?" என்றேன். கேட்காத மாதிரி எழுந்து போய்விட்டான்.

ஆர்டர் வந்ததோ வரவில்லையோ, பெரிய மிஷினுக்குச் சொல்லிவிட்டான். நாங்கள் இருப்பது மேல்மாடியில்; அவன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு, நான். கீழே நிட்டிங். புது மிஷின் நிற்க இடம் போதவில்லை. எதை இடிப்பான் என்று உனக்குச் சொல்லவே வேண்டாம்.

சுத்தியல் சத்தம் கேட்டு நான் இறங்கிப் போவதற்குள் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"ஆத்தா, கொஞ்சந் தள்ளி உக்காருங்க. தூசி படுமுங்க" என்றார் கொத்தனார்.

"படட்டும். எம்மேலயே இடிங்க."

செந்தில் தலையில் கையை வைத்துக்கொண்டான். "அம்மா, இது பில்லரு இல்லீங்மா, வெறுஞ் செவுரு. நம்மூருல பூமியெல்லாம் ஆடாது."

"ஆடுனா உனக்குத் தெரியுமாடா? நித்தம் ஆடற ஊட்டுல இருந்துக்கிட்டு?"

அவன் கொத்தனாரைப் பார்த்து, "சாப்புட்டு வந்து ஆரம்பிங்க" என்றான். மருமகள் வந்து என் தோளைப் பிடித்து எழுப்பினாள். என் பேச்சு எடுபடாது என்று தெரிந்துவிட்டது. எடுபடக்கூடிய ஒரே ஆள், உன் வீட்டுக்காரர், குண்டடம் ஊரில் ஆடு வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். அந்த ஆளோடுதான் எனக்குப் பேச்சே இல்லை.

மருமகளிடம் நம்பர் வாங்கிப் போட்டேன். "செந்திலு கீழ்ச்செவுத்த இடிக்கறான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "வர்றனுங்க" என்றார்.

பஸ் பிடித்து வருவதற்குள் ஓட்டை இன்னும் பெரிதாகிவிட்டது. கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நரைத்துப் போயிருந்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது. மனசில் இருந்தது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை கண்ணு.

"வாங்க" என்றேன்.

நேரே போய் அந்த ஓட்டையின் விளிம்பில் கை வைத்தார். கொத்தனார் கையை நிறுத்தினார். செந்தில், "சித்தப்பா?" என்றான்.

"சாமி, எனக்கும் அன்னைக்கு வெறுஞ் செவுருன்னுதான் சொன்னாங்க. நானும் நம்புனேன். உங்க சின்னம்மா மேல இருந்தா."

சொல்லிவிட்டும் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. செந்தில் கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்தான். அப்புறம் கொத்தனாரிடம், "மூடிருங்கண்ணா" என்றான். மிஷினுக்கு வேறு இடத்தில் வாடகைக்கு ஷெட் பிடித்திருக்கிறான்.

காப்பி கொடுத்தேன். குடித்துக்கொண்டே கேட்டார்:

"கோவம் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க."

"செரிங்க" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். நீ இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்திருப்பாய். ஆனாலும் மனசு ஆறவில்லை, உனக்காகக்கூட ஆறவில்லை.

சுவரை மறுபடி கட்டிவிட்டார்கள். "முந்தி மாதிரி நிக்குமுங்களா?" என்று கொத்தனாரைக் கேட்டேன். கரண்டியைக் கழுவிக்கொண்டே, "நிக்குமுன்னுதான் நெனைக்கறனுங்க" என்றார்.

அந்த "நெனைக்கறனுங்க" என்ற ஒரு வார்த்தையோடுதான் இப்போது குடியிருக்கிறேன். காலையில் ஸ்கூல் வேன் வந்து பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பினால் எனக்கு மூச்சு நன்றாக வருகிறது. ரோட்டில் லாரி போகிறது, பஸ் போகிறது, அதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குப் பிள்ளைகள் வெளியே போனால் பயம். சாயங்காலம் வேன் வந்து நின்று, "அப்பாயி!" என்று கத்திக்கொண்டு அவை இரண்டும் ஓடி வந்து வீட்டுக்குள் நுழையும்போதுதான் எனக்குப் பயம் ஆரம்பிக்கிறது.