தூக்கின கை

டேய் ஜெனித்,

முட்டி எப்படி இருக்குன்னு கேக்க மாட்டேன். கேக்குற தகுதி எனக்கு இல்ல.

நேத்து விழுப்புரத்துல பாஸ்கெட்பால் கேம்ப். நல்ல கேப்டன்னா யாருன்னு பேசக் கூப்பிட்டிருந்தாங்க. நம்ம கிளப் கப் ஜெயிச்ச போட்டோவைப் பெருசா மாட்டி வெச்சிருந்தாங்க. ஆட முடியலன்னா கையை மூடித் தூக்கிக் காட்டணும், கோச் கவனிக்கலன்னாலும் கேப்டன் கவனிச்சு வெளிய அனுப்பணும்னு சொன்னேன். கை தட்டினாங்க.

ஒரு பொண்ணு மட்டும், "கேப்டன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டா, சார்?"னு கேட்டுச்சு. தண்ணி குடிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போய்ட்டேன்.

ஃபைனல்ல நாலு நிமிஷம் இருக்கும்போது நீ ரெண்டு தடவை கையைத் தூக்கினே. நீ வெளிய போனா தோத்துடுவோம்னு நான் ஸ்கோர்போர்டையே பார்த்துக்கினு நின்னேன். அடுத்த ஜம்ப்புல விழுந்தே. நீ கையே தூக்கலன்னு கோச் இன்னிக்கும் சொல்லிக்கினு இருக்கார். நானும் மறுக்கல.

திரும்பும்போது பஸ் திண்டிவனத்துல, உன் கடைக்கு எதிர்ல நின்னுச்சு. குச்சியை ஊனிக்கினு வாசலுக்கு வந்தே. ஜன்னலோரம் இருந்த என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினே.

மூணாவது தடவை. பஸ் கிளம்புற வரைக்கும் நான் செல்போனையே பார்த்துக்கினு இருந்தேன்.

உனக்குக் கேப்டனா இருந்தவன்