ஒதுக்கிவைத்த கேள்வி

மார்ச் 2

அடுத்த வியாழன் எங்கள் சர்வதேச அரசியல் பள்ளிக்குச் சிறப்பு விருந்தினர் நதீம் ஸர்வான். முன்னாள் அமைச்சர். தலைப்பு: போருக்குப் பின் நல்லிணக்கம். பூண்டு சேர்க்காத சாப்பாடு வேண்டுமாம். விருந்தினர் ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு; சமையலறையில் சொல்லிவிட்டேன்.

போர்க் காலத்தில் கடற்கரைச் சாலைச் சோதனைச் சாவடி அவருடைய ஆட்களிடம் இருந்தது. என் தம்பி ஹைஸமை பஸ்ஸிலிருந்து இறக்கியது அங்கேதான். பெய்ரூத்தில் இதெல்லாம் சகஜம். அன்றைக்குத் துப்பாக்கி பிடித்தவர்தான் இன்றைக்கு மைக் பிடிக்கிறார். கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

மார்ச் 3

இயக்குநர் டாக்டர் ஃபாயிஸ் கூப்பிட்டார். "சங்கடமா இருந்தா லீவு எடுத்துக்கோ, ருதைனா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

வேண்டாம் என்றேன். எனக்கு இருப்பது ஒரே கேள்வி: அவன் எங்கே? உயிரோடு இல்லையென்றால் அதையாவது அந்த மனிதர் வாயால் சொல்லட்டும். கேட்கத்தான் போகிறேன் — கேட்பேனா?

மார்ச் 5

அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றும் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடவில்லை. திருடன் வரப்போகிறான் என்றால், "ஹைஸம் சாவி எடுத்துட்டுப் போகலையேடி" என்கிறாள். முப்பது வருஷமாக இதே பதில்.

மார்ச் 9

அரங்கு நிறைந்திருந்தது. நன்றாகத்தான் பேசினார், சிரிக்கவும் வைத்தார். பிறகு மாணவர்களின் கேள்விச் சீட்டுகள் கூடையில் வந்தன. விருந்தினர் முகம் சுளிக்கக்கூடியதை ஒதுக்கிவிட்டு மற்றதை மேடைக்கு அனுப்புவது என் வேலை. தூதர்கள், தளபதிகள், ஒரு மாஜி பிரதமர் — எங்கள் பள்ளியிலிருந்து யாரும் சங்கடப்பட்டுப் போனதில்லை.

ஒரு சீட்டில்: 'உங்கள் சாவடியில் இறக்கப்பட்டவர்கள் எங்கே?'

மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டேன். ஐரோப்பா பற்றிய கேள்வியை மேடைக்கு அனுப்பினேன். நினைவுக் கேடயம் கொடுக்கப் போனபோதுதான் என்ன செய்தேன் என்பதே உறைத்தது. அவர் கைகுலுக்கினார். நானும் குலுக்கினேன். போட்டோவில் சிரித்திருக்கிறேன்.

மார்ச் 10

அந்தச் சீட்டு இரண்டாம் ஆண்டு மேஸாவுடையது. அறைக்கே வந்து, தன் கேள்வி ஏன் வரவில்லை என்று கேட்டாள். நேரமில்லை என்றேன்.

"எங்க பெரியப்பா அந்தச் சாவடியிலதான் காணாமப் போனார், மேடம். பரவால்ல. எங்க வீட்ல பழகிடுச்சு."

பழகிடுச்சாம். இருபது வயசுப் பொண்ணு. எனக்கு என்ன வந்துச்சு? யாரும் மிரட்டல, யாரும் சொல்லக்கூட இல்ல. என் கேள்விய என் கையாலயே எடுத்து ஒளிச்சு வெச்சேனே.

மார்ச் 13

ஸர்வான் கேடயத்தை மேடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். விருந்தினர்கள் பாதிப்பேர் அப்படித்தான். டிரைவரிடம் கொடுத்தனுப்புவது வழக்கம். நாளை நானே கொண்டுபோகிறேன்.

மார்ச் 14

மேஸாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டை ஒதுக்கியது நான்தான் என்று காரில் சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸர்வான் வீட்டில் மரியாதையாக உட்காரவைத்தார்கள். காபி வந்தது. கேடயத்தைக் கொடுத்துவிட்டு, சீட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். என் தம்பி பெயரையும் அவளுடைய பெரியப்பா பெயரையும் சொன்னேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கோபப்படவில்லை.

"யாரையும் நாங்க ராத்திரி வரைக்கும் வெச்சிருந்ததில்ல, தங்கச்சி. வெச்சுக்க இடமில்ல."

எங்கே புதைத்தீர்கள் என்று மேஸா கேட்டாள். பால்கனிக்கு வெளியே தெரிந்த கடலைத் தலையால் சுட்டிக்காட்டினார். பிறகு, காபி ஆறுகிறது என்றார்.

மேஸாவை அவள் வீட்டில் இறக்கிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. எங்கள் கதவு வழக்கம்போலச் சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

சோறு அடைப்பதற்காகச் சுரைக்காய் குடைந்துகொண்டிருந்த அம்மா சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். எழுந்துபோய்த் திறப்பாள் என்று நினைத்தேன். திறக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாருடி சொன்னா?" என்றாள்.