மகளின் நடத்தைக்கு எழுதிய சொல்

அனுப்புநர்
ஈவ்லின், க/பெ. காஸ்பர்,
பெசன்ட் நகர், சென்னை – 90.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள் (தனியார் பள்ளிகள்),
சென்னை.

பொருள்: மகள் ஆனியின் மாற்றுச் சான்றிதழில் நடத்தைக் குறிப்பைத் திருத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் இவ்வாண்டு பிளஸ் டூ தேறினாள். அவளுடைய டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று எழுதியுள்ளனர். உடன் படித்த மற்றவர்களுக்கு ‘குட்’. பள்ளியின் பெயர் இணைத்துள்ள நகலில் இருக்கிறது. எல்.கே.ஜி.யிலிருந்து அவள் படித்த இடம். இங்கே எழுதக் கூச்சமாக உள்ளது.

2. நான் எட்டாவது வரை படித்தவள். ஆங்கிலம் அகராதியை வைத்து நானாகக் கற்றது. வீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் தவறவிடாத நான் இதில் தவறினேன். ‘குட்’ என்றால் நல்ல, ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்றால் திருப்தியான என்று அகராதியில் இருந்தது. விருந்துக்கு வந்தவர் சாப்பாடு நல்லா இருக்கு என்பது மரியாதைக்கு. திருப்தியாச் சாப்பிட்டேன் என்றால்தான் சமைத்தவளுக்கு மனம் நிறையும். ஆகவே என் பிள்ளைக்கு ஒரு படி உயர்த்திப் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக் கையெழுத்திட்டு வாங்கினேன். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஜெராக்ஸ் கடையில் லேமினேஷனும் செய்துவிட்டேன்.

3. கல்லூரியில் கவுண்டரில் இருந்தவர், "இன்னாம்மா, பொண்ணு ஸ்கூல்ல எதுனா வம்பு பண்ணுச்சா? எல்லாருக்கும் குட்டுன்னுதான போடுவாங்க?" என்று வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி கேட்டார். மகள் தலை குனிந்தாள். அது ‘குட்’டுக்குக் கீழான சொல் என்று டி.சி. வாங்கிய அன்றே அவளுக்குத் தெரியுமாம். திரும்பும்போது பஸ்ஸில்தான் சொன்னாள். "நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தம்மா, எப்படிச் சொல்றது?" என்றாள். இதற்கு மேல் அதை எழுத என்னால் இயலவில்லை.

4. காரணம் நான் அறிவேன். பிப்ரவரியில், தாமதமாக வந்த ஜோயா என்ற மாணவியை மைதானத்து வெயிலில் நிறுத்தியதில் அவள் மயங்கி விழுந்தாள். என் மகள் தலைமையாசிரியையின் அறைக்கே போய், "இது தப்பு மிஸ்" என்றாள். என்னை வரவழைத்தார்கள். நடந்தது என்ன என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஆசிரியைகள் எல்லோர் முன்பும் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தேன். இப்போது போய் நின்றால், "தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களேம்மா" என்கிறார்கள்.

5. தலைமையாசிரியை, "ரெண்டும் நல்ல வார்த்தைதானே, என்ன பெரிய வித்தியாசம்?" என்றும் கேட்டார். வித்தியாசம் இல்லையென்றால் மாற்றித் தருவதில் என்ன தடை? உண்டென்றால், மகள் செய்த குற்றம் இன்னதென்று எழுத்தில் தரட்டும்.

சான்றிதழை மாற்றிக் கொண்டுவரக் கல்லூரியில் வரும் திங்கள் வரை தவணை கொடுத்துள்ளனர். பிறகு இடம் வேறொருவருக்குப் போய்விடும். ‘வெரி குட்’ நான் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு எழுதியதையே இவளுக்கும் எழுதி, புதுச் சான்றிதழ் வழங்கத் தாங்கள் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருகிறேன். மகளை மறுபடி மன்னிப்புக் கேட்கச் சொல்லும்படி மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம், ஐயா. இந்த முறை நான் சொல்ல மாட்டேன்.

இடம்: சென்னை
நாள்: 12.06.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ஈவ்லின் காஸ்பர்
(ஆனியின் தாய்)