பாதியில் நின்ற கம்ப்யூட்டர்

என் மகளின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம்தான். நீங்களும் நன்றாகவே இருங்கள், அதில் எனக்கு வஞ்சனை இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், என் புராணம் பாட வரவில்லை. இது உங்கள் மகளின் கம்ப்யூட்டர் சமாச்சாரம்.

வீட்டை விட்டுப் போகும்போது அவளுக்கு வாங்கிக் கொடுத்தீர்களே, கேம் விளையாடும் கம்ப்யூட்டர், அதில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டின் விசிறி கொஞ்ச நாளாகவே ஒரே இரைச்சல். ஞாயிறு மதியம் அங்கே நீங்களும் இங்கே இவளும் விளையாட உட்கார்ந்தால் வீட்டுக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி இருக்கும். நானோ ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். அம்மா தூக்கம் கெடக்கூடாதாம். உங்கள் புத்திசாலி மகள் பெட்டியைத் துணி அலமாரிக்குள் தூக்கி வைத்து, கதவைச் சாத்தி, வயர் வரும் இடுக்கில் என் பழைய சால்வையையும் திணித்துவிட்டாள். சத்தம் அடங்கியது, காற்றும் போகவில்லை. அந்த ஞாயிறு ஹெட்போனில் நீங்கள் அவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கார்டு கொதித்து, கம்ப்யூட்டர் தானாக நின்றுவிட்டது.

அவள் வேண்டுமென்று நிறுத்தவில்லை. முதலில் இதை நம்புங்கள்.

கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, இப்படி மூச்சு முட்ட வைத்தால் அது என்னதான் செய்யும் என்று திட்டாத குறை. தூசியெல்லாம் ஊதி, கார்டின் விசிறியை மாற்றி, சூட்டை இறக்கும் பசையைப் புதிதாகத் தடவிக் கொடுத்தார். இப்போது ஜன்னலோரம் மேசைமேல் இருக்கிறது, இருக்கிற இடம் தெரியவில்லை. ஆனால் உங்களைத்தான் காணோம். ஞாயிறு வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வருமா என்று பார்த்தபடியே இருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை.

சூடாகி நின்றுவிட்டது என்று அன்றே உங்களுக்கு மெசேஜ் போட்டாள். நீங்களோ அதைச் சாக்கு என்று நினைத்து, 'உன் கோபம் நியாயம்தான்' என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அதை என்னிடம் காட்டி, "நான் எதுக்கும்மா கோவப்படணும்?" என்று கேட்டாள். அன்றைக்கு நீங்கள் சொன்ன 'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா' என்பது வரைதான் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அதற்கப்புறம் நீங்கள் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை.

மீதி எனக்குத் தெரியும். உங்கள் அக்கா மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். புது வீடு, கூட இன்னொருத்தி. அன்றைக்கு முழுக்க அழுதேன், பொய் சொல்வானேன். ஆனால் இவள் என்ன நினைத்திருக்கிறாள் தெரியுமா? அப்பா திரும்பி வரப்போகிறார், அதைத்தான் சொல்ல வந்தார் என்று. கம்ப்யூட்டரை எடுத்ததும் அலமாரியில் காலியான தட்டில் என் யூனிஃபார்மை வைக்கப் போனேன். "அது அப்பா துணிக்கும்மா" என்று கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். யூனிஃபார்மை மடித்து என் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டேன். எந்த மனசோடு அவளிடம் உண்மையைச் சொல்வது?

நான் சொன்னால் ஆற்றாமையில் சொல்கிறேன் என்பாள், நம்பவும் மாட்டாள். ஒரே ஒரு ஞாயிறு முன்போல அவளோடு விளையாட வாருங்கள். மீதியை நீங்களே சொல்லுங்கள். எனக்கு எந்த விளக்கமும் வேண்டாம். உங்கள் புதுக் குடித்தனம் நன்றாக இருக்கட்டும், மனசாரத்தான் சொல்கிறேன். சொன்னதும் அவள் கத்துவாள், அழுவாள். அதற்குப் பயந்து போய்விடாதீர்கள். அவளாக நிறுத்தும்வரை இருங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா