பிளேனுக்கு மூச்சுப் பரிசோதனை

தெமோதரை, செவ்வாய் இரவு.

லண்டனில் மகளுக்குக் கல்யாணம். என் பழுதான நுரையீரலோடு விமானம் ஏறலாமா என்று இன்று பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். விமானத்தில் இருப்பதுபோல மெலிந்த காற்றை முகமூடி வழியாக விட்டார்கள்.

"மலையிலேயே பொறந்தவன் டாக்டர், இதெல்லாம் எனக்குப் பழக்கம்" என்று பீற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் உதடு நீலமாகிவிட்டது.

"போகலாம் ஐயா. ஆனா பிளேன்ல பூரா மூக்குல ஆக்சிஜன் குழாய் வேணும்" என்றார் டாக்டர்.

அதுவே போதுமென்று மகளுக்குப் போன் எடுத்தேன்.

"குழாயோடவாப்பா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏர்போர்ட்டுக்கு வருவாங்களே."

"எறங்கினதும் கழட்டிருவேன்மா."

"வேணாம்ப்பா. வீடியோவுல பாருங்களேன்."

"எனக்கும் அவ்வளவு தூரம் அலுப்புதாம்மா" என்று சிரித்தேன்.

உடனே நம்பிவிட்டாள்.