முப்பத்தாறு கறுப்புக் கட்டை

அன்புள்ள குளோரிக்கு, ததேயூஸ் எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் நான் சுகம். உன் முட்டுவலி எப்படி? போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

இங்கே கோவாவில் முதலாளி ஒரு பழைய பியானோவைக் காட்டி, பிளாக் கீ எல்லாம் கழற்றச் சொன்னார். நான் அரைநாள் பூட்டுத் திறக்கிற கறுத்த தாக்கோல் தேடினேன். கூட வேலை செய்கிற உதியன்குளங்கரை பொன்னையன்தான், "எலே, தாக்கோல் இல்லடே, வாசிக்கிற கறுத்த கட்டையாக்கும்!" என்றான்.

முப்பத்தாறையும் புதுசாக்கினால்தான் நம் மகள் ஜெஸ்மியின் கல்யாண மனசம்மதத்துக்கு லீவாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று தடவை சாயம் பூசி, மெழுகும் போட்டேன். எண்ணெய் வைத்த நாளில் உன் தலைமுடி மினுங்குமே, அப்படி இருக்கிறது. லீவு கிடைத்துவிட்டது.

நான் வருகிற அன்று மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நீயே வை. அதுவரை செபமாலையில் என் பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லு, இங்கே கேட்கவில்லை.

ஊருக்கு வருகிற பொன்னையனிடம் இதைக் கொடுக்கிறேன், வண்டிக்கு அவசரப்படுகிறான்.

சம்பந்தி வீட்டார் முன்னால் நரை தெரியாதிருக்க, மிச்சச் சாயத்தை மீசையில் பூசினேன். அது மரத்திலும் தோலிலும்தான் பிடிக்குமாம். மீசை வெள்ளையாகவே இருக்கிறது. மேலுதடு கறுத்துவிட்டது.

உன் ததேயூஸ்