உலைக்கு எண்ணெய் இருக்கும் வரை

பிப்ரவரி 3, செவ்வாய்

மூன்று பல்கலைக்கழகங்களின் கூட்டுக் கூட்டம். வட்டாரப் பொருளாதார வளர்ச்சித் தலைவர்களுக்கான பயிற்சியில் யார் எந்தப் பாடம் எடுப்பது என்று பேசத்தான் கூடினோம். பேசியது என்னவோ சான்றிதழில் யாருடைய சின்னம் முதலில் வருவது என்று. தலைநகரப் பேராசிரியர், வயதில் மூத்தது எங்களுடையது என்றார். கடலோரத்துக்காரர் அகர வரிசை என்றார். எங்கள் இயக்குநர், இடம் கொடுப்பவன் நான் என்றார். கடைசியில் மூன்றையும் வட்டமாகப் போடலாம் என்று முடிவானது. உடனே, வட்டத்தின் உச்சியில் எது?

ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் நான் குறிப்பெடுத்தேன், டீ சொன்னேன், சிரிக்காமல் இருந்தேன். ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது, சிரித்து வைத்தால் நமக்குத்தான் வினை.

வீட்டில் என் வீட்டுக்காரர் சாப்பிட்டதும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அவர் உலை பார்க்கும் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் முதலாளி கைவிரித்துவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான்.

பிப்ரவரி 11, புதன்

தொழிற்சாலை இனி வங்கியின் கையில். வங்கியிலிருந்து வந்த அதிகாரி எல்லோரையும் உலைக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்துப் பேசினாராம். மார்ச் கடைசி வரை உலைக்கு எண்ணெய் வாங்கித் தருவார்கள். அதற்குள் நகராட்சி ஒரு திட்டம் கொடுக்க வேண்டும், அது தேறும் என்று பல்கலைக்கழகம் சீல் போட்டுத் தர வேண்டும். அப்படி வந்தால் இன்னும் ஆறு மாதம் ஓட்டி, வாங்குவதற்கு ஆள் பார்ப்பார்கள். வராவிட்டால் அணைத்துவிடுவார்கள்.

கொஞ்ச நாள் அணைத்து வைத்துவிட்டு ஆள் கிடைத்ததும் திரும்பப் பற்ற வைக்கக் கூடாதா என்று கேட்டேன். இத்தனை வருஷம் ஒரு உலைக்காரருடன் குடித்தனம் நடத்தியவள் கேட்கிற கேள்வியா?

"அடுப்புன்னு நெனச்சியா? அணைச்சா அணைச்சதுதான். உள்ள இருக்கிற கண்ணாடி இறுகிப் பாறையாயிடும், செங்கல்லெல்லாம் வெடிச்சிடும். அப்புறம் இடிச்சுட்டுப் புதுசாத்தான் கட்டணும். எவன் கட்டுவான்?"

பிப்ரவரி 12, வியாழன்

'திட்டம் அக்கா'விடம் இதைச் சொன்னேன். நகராட்சியில் தொழில் வளர்ச்சிப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். வாய் திறந்தால் ஏதாவது திட்டம்தான் வரும், அதனால் அந்தப் பெயர். எங்கள் பயிற்சியில் அவளும் ஒரு மாணவி. பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் தன் ஊரின் உண்மையான பிரச்சினை ஒன்றை எடுத்துத் திட்ட அறிக்கை எழுத வேண்டும்.

"அப்போ நான் இதைத்தான் எழுதப் போறேன். பயிற்சிக்கும் ஆச்சு, ஊருக்கும் ஆச்சு. உங்க சீலைத் தேடி எங்கயும் போக வேண்டாம் பாரு" என்றாள்.

அட, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? வீட்டுக்கு நடந்தே வந்தேன். நம்பிக்கை என்று ஒன்று வந்து ரொம்ப நாளாகிறது. வந்தால் என்ன செய்வது என்றுகூட மறந்துவிட்டது.

பிப்ரவரி 27, வெள்ளி

அக்கா எழுதி முடித்துவிட்டாள். சும்மா அறிக்கை இல்லை. பால் கூட்டுறவுச் சங்கம், மருந்துக் கம்பெனி, பழச்சாறு போடுகிறவர்கள் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறாள். உலை எரிந்தால் பாட்டில் இங்கேதான் வாங்குவோம் என்று எழுதி வாங்கியிருக்கிறாள். தொழிலாளர்கள் ஆறு மாதம் பாதிச் சம்பளத்துக்குச் சம்மதம்.

சாப்பிட்டுவிட்டு அவரும் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.  எழுந்து போய், வாரக்கணக்கில் கசங்கலாகவே போட்டுப்போன வேலைச் சட்டையை இஸ்திரி போட்டார்.

மார்ச் 5, வியாழன்

அக்கா அறிக்கையைக் கொடுத்ததும் நேராக இயக்குநரிடம் கொண்டுபோனேன், சீலுக்காக. அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"இது இப்போ விடைத்தாள்மா. திருத்தி முடியாம வெளிய போகக் கூடாது."

விதி அப்படி. பல்கலைக்கு ஒருவராக மூன்று பேர் திருத்த வேண்டும். எழுதியவர் யார் என்று திருத்துபவருக்குத் தெரியக் கூடாது. மார்க் வரும் வரை வெளியார் கண்ணில் படக் கூடாது. ஒருவரை ஒருவர் நம்பாத மூன்று பேர் உட்கார்ந்து போட்ட விதி. அவசரம் என்றேன். "அவசரம்னு எழுதி அனுப்பிடலாம்" என்றார். சிவப்பு மையில் எழுதினேன்.

மார்ச் 13, வெள்ளி

எங்கள் மார்க் வந்தது. மற்ற இருவரிடம் கேட்டால், பார்க்கிறோம், பார்க்கிறோம். கிணற்றில் போட்ட கல்.

மார்ச் 19, வியாழன்

மூன்றும் வந்துவிட்டன. எங்களுடையதும் கடலோரத்துடையதும் நல்ல மார்க். தலைநகரப் பேராசிரியர் பாஸ் மார்க்குக்கு மேல் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மேற்கோள் நூல்கள் போதவில்லையாம்! பால் சங்கத்துக்காரன் என்ன நூலா எழுதி வைத்திருக்கிறான்?

வித்தியாசம் அதிகமாக இருந்தால் நான்காவது ஆள் திருத்த வேண்டும். அவரை நியமிக்கக் கூட்டுக் கூட்டம் கூட வேண்டும். அடுத்த கூட்டம் ஏப்ரல் எட்டு. முன்னால் வைக்கலாமா என்று மூவருக்கும் ஃபோன் போட்டேன். ஒருவருக்குத் தேர்வுப் பணி, ஒருவருக்கு வெளிநாடு. எங்கள் இயக்குநர், மற்ற இரண்டு பேரும் சரி என்றால் தனக்கும் சரி என்றார். எவ்வளவு பெரிய மனசு.

மார்ச் 24, செவ்வாய்

பொறுக்க முடியாமல் அக்காவிடமே சொல்லிவிட்டேன், சீல் இல்லாவிட்டால் போகட்டும், நீ கொண்டுபோய்க் கொடு என்று. தெரிந்தால் அவளைப் பயிற்சியிலிருந்து நீக்குவார்கள், என் வேலையும் போகும். இருவருக்கும் அது தெரியும். அவள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை, கிளம்பிப் போனாள்.

வங்கி அதிகாரி முழுவதும் படித்தாராம். நல்ல மனிதர்தான்.

"நல்லா இருக்கும்மா, நெஜமாவே நல்லா இருக்கு. சீல் மட்டும் போட்டுக் கொண்டாங்க. மேலிடத்துல நான் வேற என்னத்தக் காட்டுவேன்?"

மறுபடி இயக்குநரிடம் போனேன். என் வீட்டுக்காரர் அங்கேதான் வேலை செய்கிறார் என்றும் சொன்னேன். இதுவரை அலுவலகத்தில் வீட்டுக் கதை பேசியதில்லை. இன்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் தனியாப் போட்டா மத்த ரெண்டு பேரும் கூட்டணியவிட்டே போயிடுவாங்கம்மா. அப்புறம் பயிற்சி எங்க, நீ எங்க, நான் எங்க?"

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். யார் மேல் கோபப்படுவது? கெட்டவன் என்று ஒருத்தன் இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். எல்லோரும் நல்லவங்க. எல்லோரும் சரியாத்தான் பேசுறாங்க. உலை மட்டும் அணையப் போவுது — இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது, நான் என்னதான் பண்றது?

மார்ச் 31, செவ்வாய்

அணைத்துவிட்டார்கள்.

மத்தியானமே வந்துவிட்டார். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். "உள்ள நிக்கிறப்பவே குளிருச்சு" என்றார்.  

ஏப்ரல் 2, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 22, புதன்

நான்காவது ஆள் மார்க் போட்டுவிட்டார். அக்காவின் அறிக்கைதான் முதலிடம். மூன்று பல்கலைகளிலிருந்தும் பாராட்டு. இனி வெளியே கொடுக்கலாம், சீல் போட்டு வங்கிக்கு அனுப்பிவிடு என்று இயக்குநர் முகமெல்லாம் மலர என்னிடம் சொன்னார். சீல் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருந்தது. எடுத்துக் குத்தினேன். நன்றாகவே பதிந்தது.

அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.  கேட்டதும் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள், நான்தான் வைத்துவிட்டேன்.

ஜூன் 26, வெள்ளி

சான்றிதழ் விழா. வட்டமாக மூன்று சின்னங்கள், உச்சியில் தலைநகரம். அக்கா வரவில்லை. அவளைத் தண்ணீர் வரிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே திட்டம் எதுவும் தேவையில்லை. அவளுடைய பரிசை நானே மேடையேறி வாங்கினேன். கைதட்டினார்கள்.

என் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறு சம்பளம் ஏது வீட்டில்?

ஆகஸ்ட் 3, திங்கள்

அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. அதே தொழிற்சாலை வாசலில் காவலுக்கு. பழைய இரும்பு திருடு போகிறதாம்.

செப்டம்பர் 16, புதன்

பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த இரண்டாம் அணிக்கு இன்று களப்பயணம். அக்காவின் அறிக்கை இந்த வருஷம் பாடம், அதனால் தொழிற்சாலையைப் பார்க்கக் கூட்டிப்போனோம். கேட்டைத் திறந்துவிட்டது அவர்தான். காக்கிச் சட்டை தோளில் தொளதொளவென்று இருந்தது. என் வீட்டுக்காரர் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. அவரும் காட்டிக்கொள்ளவில்லை.

இயக்குநர் சொன்னதால், காவலுக்கு நின்ற அவரே உலையைச் சுற்றிக் காட்டினார். உள்ளே பச்சைக் கண்ணாடி இறுகிக் கிடந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு நகராட்சிப் பெண் மட்டும் அவர் பக்கத்திலேயே நின்று, "இவ்ளோ பெரிய தொழிற்சாலை, இதைக் காப்பாத்த யாருமே ஒண்ணும் பண்ணலையாங்க?" என்று கேட்டாள்.

"பண்ணாங்களேம்மா. முதல் மார்க் வாங்குச்சு."

நக்கலாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்கிற குரலில்தான் சொன்னார். இயக்குநர், அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றார். நான் எல்லோரையும் பேருந்தில் ஏற்றிவிட்டுக் கடைசியாக வெளியே வந்தேன். பேராசிரியர்களுக்கு வைத்த அதே சல்யூட்டை எனக்கும் வைத்துவிட்டு, அவர் கேட்டைச் சாத்தினார்.